வால்

உப்புவெளி விடுதியின் வருகைப் புத்தகத்தில்
ஃபெம்கே ஆங்கிலத்தில் எழுதிப் போயிருக்கிறாள்:
நசூர்தீன் 'ஹார்ட்லி' வேலை செய்கிறார்.

ஒல்லாந்து மொழியில்
வேகமான படகுக்கும்
அது வேகமாய்ப் போவதற்கும்
ஒரே சொல்தானாம்.
ஆங்கிலத்துக்கு வால் வேண்டும், 'லி',
நம்முடைய 'ஆக' மாதிரி,
என்று படித்தவள்
ஹார்டுக்கும் ஒட்டிவிட்டாள், பாவம்.
கடுமையாக என்று நினைத்தது
வேலையே செய்வதில்லை என்றாகிவிட்டது.

நேற்றுக் கச்சான் காற்றில் இஞ்சின் நின்றுபோக
புறாத்தீவிலிருந்து துடுப்பாலேயே
அவளைக் கரைசேர்த்தவர்
கொப்புளம் உடைந்த கையை
மேசையில் ஊன்றிக் கேட்கிறார்:
"அந்தப் புள்ள என்ன எழுதிரிக்கா?"

"நல்லா எழுதியிருக்கு நானா."

அவர் தேத்தண்ணிக்குப் போனதும்
பேனாவை எடுத்து
கடைசி இரண்டெழுத்தை
மெல்ல அடித்தேன்.

மெல்ல.
இதற்கும் வால் இல்லை.