பதிவேட்டில் ஒரு வெள்ளிக்கிழமை

கண்ணாடி ஊரில் இல்லை.
புதிதாய் அலுமினியம் பூசிக்கொள்ள
மரப்பெட்டிக்குள் கம்பளி சுற்றிக்கொண்டு
ஜெர்மனிக்குப் போயிருக்கிறது, ஆறு வாரம்.
அறுபது சென்டிமீட்டர் விட்டம்.
அதன் வழிச்செலவுக்காக நாங்கள்
செப்டம்பர் முழுக்கக் கேக் விற்றோம்.
என் பங்கு வடை;
அதுதான் முதலில் தீர்ந்தது.

ஆனாலும் வெள்ளிக்கிழமை.
பால்ஸ்தாலை மூடுபனி விழுங்கியிருந்தது.
பதினோராவது வளைவில்தான் வண்டி
தலையை வெளியே நீட்டியது.
மேலே ஒரு மேகம்கூட இல்லை. கீழே
ஆடை கட்டிய பாலாகப் பள்ளத்தாக்கு.

கூரை நகரும் தண்டவாளத்தில் உறைபனி.
ரெகுலாவும் நானும் தோள் கொடுத்துத் தள்ளினோம்.
எதைப் பார்க்க என்று
யாரும் கேட்கவில்லை.

கண்ணாடி இருந்த இடத்தில் ஓட்டை.
பொருளாளர் ஹான்ஸ்யோர்க்
தரையில் பாய் விரித்து மல்லாந்து
குழாய்க்குள் தலையை விட்டார்.
"ஏழு" என்றார் உள்ளிருந்து.
குரலையாவது பெரிதாக்கிக் காட்டியது குழாய்.

அடுத்து நான் படுத்தேன்.
குறுக்குக் கம்பிகளுக்கு அப்பால் கார்த்திகை.
"ஆறு."
"அதன் பெயரே ஏழு."
"எங்கள் மொழியில் அறுமீன்."
"மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள்."
"போட்டுக்கொண்டுதான்."

ரெகுலா எண்ண மறுத்துவிட்டாள்,
தெர்மாஸைத் திறந்தாள்.

சிவப்பு விளக்கில் பதிவேட்டை நிரப்பினேன்:
வெப்பம், மைனஸ் நான்கு.
காற்று, இல்லை.
கருவி, இல்லை.
கண்டது, ஆறு.

மறு வெள்ளி பார்க்கிறேன்:
என் வரிக்குக் கீழே பென்சிலில்,
வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்தில்,
ஏழு.
அதற்கும் கீழே
யாரோ வைத்தெடுத்த காப்பிக் கோப்பையின்
மூடாத வட்டம்.