தன்மைப் பன்மை

விதி ஒன்றுதான்:
அவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும்.
‘என்கிறார்’ சேர்த்தால் தப்பு.
பத்தொன்பது வருஷமாக இந்தச் சம்பளத்தில்
யார் யாரோவாக இருந்திருக்கிறேன்.

அந்தச் செவ்வாய் காலை
முதலில் நான் இருளாண்டி.
சுங்கை காடுட் பட்டறையில் வெல்டர்.
ஐந்து மாதமாக எனக்குச் சம்பளம் இல்லை.
எழுதாத தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள்.
(அவன் தொண்டையைச் செருமியதை விட்டுவிட்டேன்.
செருமல் இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.)

பிறகு நான் மாசிலாமணி.
எனக்கு இங்கிலீஷ் வரும், ஆனால்
கோபம் தமிழில்தான் வருகிறது,
அதனால் இந்த அம்மா இருக்கட்டும்.
‘இந்த அம்மா’ என்று என்னையே நான் சொன்னேன்.
நானும் லாரியின் பின்னால் உட்கார்ந்து வந்தவன்தான்.
மேலே இருக்கிற கம்பெனி கைவிரித்துவிட்டது.
மனைவியின் வளையல் சிராங்கூன் ரோட்டு அடகுக்கடையில்.
அதற்கும் மேல், என் பட்டறையில்
நாற்பது கிலோ செப்புக் கம்பியைக் காணோம்.

செம்பைப் பற்றி எனக்குத் தெரியாது, என்றேன்
நாற்காலி மாறாமல்.

அதிகாரி கேட்டார்:
திருட்டுக்காக ஒருவரை ஊருக்கு அனுப்பினீர்களே,
அவர்மேல் புகார் சொன்னது யார்?
ஷொஹாக். வங்காளப் பையன்.
மாசிலாமணி இருளாண்டியைப் பார்த்தார்.
‘நாமதானே சொன்னோம்’ என்றார்.

‘நாங்க’ இல்லை. ‘நாம.’

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்.
அதைச் சொன்னேன். பிழையில்லை.
நிறுவனம் என்று புரிந்துகொண்டு அதிகாரி எழுதினார்.
இருளாண்டி மட்டும்
கால்விரல்களை எண்ணுவதுபோல் குனிந்தான்.

இடைவேளையில், தண்ணீர்க் குழாய்ப் பக்கம்,
நான் நிற்பது தெரிந்தேதான் பேசினார்கள்.
வேலை நேரத்துக்கு வெளியே மொழிபெயர்ப்பாளர் ஒரு சுவர்.
‘வித்தது நீ.’
‘தெரிஞ்சும் அவனை ஏன் ஏத்திவிட்டீங்க?’
‘அவன் விரல் மெஷின்ல போயிருந்துச்சு.
ஆஸ்பத்திரி பில்லை நீ கட்டுவியா?
அன்னைக்கு நீ வாயைத் தொறந்தியா?’
‘இல்ல.’
‘அப்ப?’
கறிபப் ஒன்றைப் பிய்த்து மாசிலாமணி பாதியை நீட்டினார்.
அவன் வாங்கிக்கொண்டான். பசி.

இரண்டரை மாதச் சம்பளம், மூன்று தவணை.
கையெழுத்துப் போட ஒரே பேனா.

இதைக் கதையாக எழுதினேன், பெயர்களை மாற்றி.
உட்லண்ட்ஸ் நூலகத்தில், சனிக்கிழமை வாசகர் வட்டத்தில் படித்தேன்.
‘தொழிலாளியைத் திருடனாக்கலாமா நீங்க?’ என்றார் அரவாழி.
‘வில்லன் யாருன்னு பிடிபடல,
முதலாளிய இன்னும் கொஞ்சம் கொடுமைக்காரனாக்குங்க’ என்றாள் மீனலோசனி.
வீட்டுக்கு வந்து செம்பை எடுத்துப் பார்த்தேன்.
கதை நாற்பது கிலோ இலேசானது.
எல்லாருக்கும் பிடித்துப்போயிருக்கும்.
திரும்ப வைத்தேன்.
வளையலை எடுத்தேன்.
விடியும் நேரம் அதையும் வைத்தேன்.

ஷொஹாக்குக்கு ஒரு வரி பேச்சுகூட அமையவில்லை.
அவன் மொழி எனக்குத் தெரியாது,
அவனாக ஒருநாளும் இருந்ததில்லை.
எந்த விரல் என்றுகூடத் தெரியாது.
மோதிர விரல் என்று போட்டேன்,
சொல் நன்றாக இருந்ததால்.

கதைக்கு நூற்றைம்பது வெள்ளி வந்தது.
தேக்கா ஈரச்சந்தையில் வௌவால் மீன் வாங்கினேன்.
‘வெட்டித் தரவா?’ என்றான் கடைக்காரன்.
‘வேணாம், நாமளே பாத்துக்கலாம்’
என்று வாயில் வந்துவிட்டது.
வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.