காலிப் பணியிடம்: இல்லை

மாலை ஐந்துக்குள் அனுப்பச் சொன்ன படிவம் இது.
மேல்மலையில் ஐந்து மணிக்குக் கரண்ட் இருந்தால்
இணையம் இருக்காது.
இரண்டும் இருந்த ஒரு நாள்
கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தேன்.
இன்று எல்லாம் இருக்கிறது.

சுகாதார நிலையங்கள்: மூன்று.
அனுமதிக்கப்பட்ட செவிலியர்: மூன்று.
பணியில் இருப்போர்:
இங்கேதான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

திங்கள், செவ்வாய் மன்னவனூரில் முனீஸ்வரி.
புதனும் வியாழனும் கூக்காலில் முனீஸ்வரி.
வெள்ளி, சனி கவுஞ்சியில்.
ஞாயிறன்று எங்கே வலியெடுக்கிறதோ அங்கே.
மாற்றுப் பணி என்று இதற்குப் பெயர்.
மூன்று பதிவேட்டிலும் அதே சாய்ந்த கையெழுத்து,
பஸ் வந்துவிட்ட நாளில் மட்டும்
'னீ'யின் சுழியை முடிக்காமல் ஓடியிருப்பாள்.

நரிக்குடிப் பக்கம். கருவேலங்காட்டு வெயிலில் வளர்ந்தவள்.
வந்த முதல் வாரம்
பாட்டிலுக்குள் தேங்காய் எண்ணெய் கல்லாகிக் கிடப்பதை
'இதுக்கு என்ன ஆச்சு சார்' என்று தூக்கி வந்தாள்,
காய்ச்சல்காரப் பிள்ளையைக் கொண்டுவருவதுபோல.
இரண்டு வருடம் தொகுப்பூதியம், பிறகு நிரந்தரம்
என்று ஆணையில் இருந்தது.
இது ஏழாவது வருடம்.
இப்போதெல்லாம் எண்ணெயை
இடுப்பில் செருகி இளக்கிக்கொள்கிறாள்.

போன சித்திரையில் மூன்று நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு
சென்னைக்குப் போனாள், அட்டை பிடிக்க.
எல்லாரையும் ஏற்றிக்கொண்டுபோய்
ஒரு கல்யாண மண்டபத்தில் இறக்கினார்களாம்.
முந்தின நாள் ஜோடனை கலையவில்லை,
மேடையில் தெர்மாகோலில் யாரோ இருவர் பெயர்.
எலுமிச்சம் சோறு.
உச்சி வேளையில் வாசலில் காவலுக்கு நின்ற பெண் போலீஸ்
அப்படியே சரிந்துவிட்டது.
தலையைத் தாங்க, காலை உயர்த்த,
பெல்ட்டைத் தளர்த்த, நாடி பார்க்க, சர்க்கரை கரைக்க
'நானூறு பேர் எந்திரிச்சோம் சார்.'

தமிழ்நாட்டிலேயே நர்ஸ் தட்டுப்பாடு இல்லாத இடம்
அந்த மண்டபம்தான் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
'அந்தப் பொண்ணுக்கு ரத்தம் கம்மி சார்,
யாரும் பார்த்துச் சொல்லலை போல.'

அதே நாள் சாயங்காலம்தான் இங்கே
பூண்டுக்காட்டில் நின்ற வெள்ளைத்தாய்க்குப் பனிக்குடம் உடைந்தது.
ஆம்புலன்ஸ் பழுது. கேரட் லாரி.
பூம்பாறை தாண்டவில்லை,
மூட்டைகளின் மேலேயே பிறந்துவிட்டது.
'கொடியை என்ன செய்ய?' என்று
டிரைவர் சிக்கந்தர் போனில் என்னைக் கேட்கிறான்.
நான் இளநிலை உதவியாளர்.
எனக்குத் தெரிந்தது சம்பளப் பட்டியல்.
இன்னொரு போனில் முனீஸ்வரியைக் கூப்பிட்டேன்.
மண்டபத்திலிருந்து எடுத்தாள்.
இரண்டு போனையும் வாயும் காதும் பொருந்த
ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
அறுக்காதீங்க. தொடைச்சு அம்மா நெஞ்சுல போடுங்க.
மேல துணி. இன்னும் ஒரு துணி.
அழுதுச்சா? அழுதுச்சா?
என் கைக்குள்தான் அழுதது.

அன்றைக்கு அவளுக்கு ஊதியமில்லா விடுப்பு.
நான்தான் குறித்தேன்.

பிறகு மேலிடம் விழித்துக்கொண்டது.
கூட்டம் நடந்தது, குழு வந்தது,
மலையில் வாந்தியெடுத்து இறங்கியது.
பற்றாக்குறை தீர்க்க வந்த சுற்றறிக்கை சொல்கிறது:
மாற்றுப் பணியில் உள்ளவரை
அந்தந்த நிலையத்தில் இருப்பவராகவே கொள்ளவும்.

ஒன்று என்று அடித்துப் பார்க்கிறேன்.
கட்டம் சிவக்கிறது.
மூன்று என்று அடிக்கிறேன். பச்சை.
காலி: இல்லை.
அனுப்பு.

ஜன்னல் கம்பியில் ஈரக் குடையை மாட்டிவிட்டு
முனீஸ்வரி எட்டிப் பார்க்கிறாள்.
பையில் பி.பி. மெஷின், ஒரு சீப்புப் பழம்.
'சார், இன்னைக்கு என்ன கிழமை?'