தொண்ணூற்று நான்கு

தெத்ஸா மலையில் ஜூலைக் குளிர்.
பிள்ளையின் கால் கட்டைவிரலில்
கிளிப்பைக் கவ்வவிட்டேன்.
சிவப்பு வெளிச்சம் தடுமாறி
தொண்ணூற்று நான்கு என்றது.

சிகும்புட்சோவுக்கு அப்பாடா என்றிருந்தது.
தொண்ணூறுக்கு மேல் என்றால் வீட்டிலேயே மருந்து என்று
போன மாதம் நான்தான் அவனுக்குச் சொன்னேன்.
மோட்டார் சைக்கிளுக்குக் கொடுத்தால்
விதைக்கிழங்குப் பணம் போய்விடும்.

பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்திருக்கிறேன்.
பேட்டரி இரண்டு, தண்ணீர் படக் கூடாது.
யாருடைய தோலில் சோதித்தார்கள் என்று அதில் இல்லை.
வெளுத்த விரலில் படித்த விளக்கு
எங்கள் கறுப்பில் சில நேரம்
தாராளமாகக் கூட்டிச் சொல்லிவிடும்.

போர்வையை விலக்கினேன்.
கைக்கடிகார முள் ஒரு சுற்று வரும்வரை
யாரும் பேசவில்லை.
அறுபத்திரண்டு.
ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே
குழி விழுந்து மூடியது,
கொதிக்கிற கஞ்சியில் விழுமே, அப்படி.

"மெஷின் சரியென்கிறதே, லெஸ்டினா?"
"அது சொல்லும். நீ வண்டியைக் கூப்பிடு."

படிவத்தில் எண்ணுக்கு ஒரு கட்டம் உண்டு.
தொண்ணூற்று நான்கு என்று எழுதினேன்.
குழிக்குக் கட்டம் இல்லை.
அதை ஓரத்தில், தாள் கிழிந்த இடம்வரை,
நுணுக்கி நுணுக்கி எழுதினேன்.