எந்த

இரவு இரண்டே முக்கால். ஏழாவது உருக்கு.
பெஞ்சலய்யா நீளக் கரண்டியால் கோரி
அச்சில் ஊற்றி, தண்ணீரில் முக்கி அனுப்பிய மாதிரி
இன்னும் சுடுகிறது கையுறைக்குள்.
முகம் பளபளக்கத் தேய்த்து
ஆர்கான் சீறும் துளைமேல் கவிழ்க்கிறேன்.
ஒரு குட்டி இடி, ஒரு குட்டி மின்னல்.
தனக்குள் யார் யார் என்பதை
இரும்பு வெளிச்சமாகச் சொல்லிவிடுகிறது.

வாசலில் நின்று கேட்கிறார்: "எந்த?"

தகரத்தைக் கொஞ்சம் அழுத்தினால்
சூளூர்பேட்டைத் தெலுங்கில் அது 'எவ்வளவு'.
வேலைக்கு வந்த முதல் வாரம்
எந்தத் தனிமம் என்கிறாராக்கும் என்று
பேர்களை வரிசையாய் ஒப்பித்தேன்.
"பேரு நாக்கு தெலுசு, கெமிஸ்ட்டம்மா. கணக்கு சொல்லு."
ஆறு வருடம் ஆகிறது.
இப்போது எனக்கு இரண்டும் ஒரே கேள்வி.

கார்பன் புள்ளி இரண்டு ஆறு. இருக்கட்டும்.
குறைந்தால் கம்பி எல்லார் பேச்சுக்கும் வளையும்,
கூடினால் யார் பேச்சுக்கும் வளையாமல் ஒடியும்.
கந்தகம் உண்டு; மாங்கனீஸ் பார்த்துக்கொள்ளும்,
கல்யாண வீட்டில் தகராறு பண்ணுகிறவனை
தோளில் கைபோட்டு ஓரமாய்க் கூட்டிப்போகும் மச்சினன் மாதிரி.
செம்பு புள்ளி மூன்று எட்டு.
எவனோ மோட்டாரைச் சுருள் உருவாமல் போட்டிருக்கிறான்.
செம்பை எந்த உலையும் வெளியேற்றியதில்லை.
சூட்டில் இரும்பு செதிலாய் உதிர உதிர
அது மட்டும் தோலடியில் தேங்கி உருகி
ரோலருக்குள் போகையில் விரிசலாய்த் திறக்கும்.

பாஸ்பரஸ் புள்ளி பூஜ்யம் ஏழு இரண்டு.

நேற்றைய லாரி ஞாபகம் வந்தது:
நாயுடுபேட்டைக் கிணற்றுப் பம்புகள்,
கால் இழந்த தையல் மெஷின்கள்.
பழைய வார்ப்பிரும்பு
பாஸ்பரஸைப் பூர்வீகச் சொத்தாய்க் கொண்டுவரும்.
ஆக்சிஜன் ஊதும் பெரிய ஆலைகளில்
சுண்ணாம்பு அதைக் கசடாய் இழுத்துக்கொள்ளும்.
நம்முடையது உருக்க மட்டும் தெரிந்த உலை.

போனில் தணிகைவேல் சார், தூக்கத்தோடு:
"குளிர்லதானம்மா ஒடியும்?
கும்மிடிப்பூண்டியில ஏது குளிர்?
இழுத்துப் பாரு, பலம் கூடத்தான் வரும்."

அது பொய்யில்லை. அதுதான் கஷ்டம்.
இழுக்கிற இயந்திரம் இந்தக் கம்பியை மெச்சும்.
போன மார்கழியில் ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு பையன்,
ரிங் வளைக்கிறவன்,
தெறித்த துண்டை என் மேசையில் வைத்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் போனான்.
முறிந்த முகம் சர்க்கரையாய் மின்னியது.
அதில் எந்தச் சிக்கலும் இல்லாததுபோல்
அவ்வளவு அழகு.

"மூன்று டன் வெளியே ஊத்துங்க.
கார் கம்பெனித் தகட்டுக் கட்டு மூன்று டன் உள்ளே."
பெஞ்சலய்யா மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"கரண்ட்டு?"
"என் பேரில் எழுதிக்கோங்க."
கையெழுத்தின் மை பரவுமுன்
உலை சாய்ந்துவிட்டது.

நாலே கால். புள்ளி பூஜ்யம் ஐந்து ஒன்று.
ஐந்து ஐந்து வரை போகலாம். போயிற்று.
செம்பும் புள்ளி இரண்டு ஐந்துக்கு இறங்கியிருந்தது.
கழுவவில்லை, விரட்டவில்லை;
பங்காளிகளைக் கூட்டிப் பங்கைச் சிறிதாக்கினேன்.
ஊற்றிய மூன்று டன்
முற்றத்தில் கறுத்துக் குளிர்கிறது.
அதிலிருந்து ஒரு துளியும் எங்கும் போகவில்லை.
பகல் ஷிப்டில் யாராவது
தெரியாமல் காந்தத்தில் தூக்குவார்கள்.

முதல் ரயிலுக்குப் பை எடுத்தவரிடம்
நானே கேட்டேன்:
"அதை இனிமே எந்த உலையில போடுவாங்க?"
இரைச்சலில் முதல் பாதி கேட்கவில்லை போல.
மூன்று விரல் காட்டி, தன் பாஷையில்,
"மூடு" என்றார்.

பதிவேட்டைத் திறந்தே வைத்துவிட்டு வந்தேன்.