முப்பத்தாறில் ஒன்று

வெங்காயத்துக்கு வருத்தம் வந்தால்
நிறம்தான் முதலில் சொல்லும்.
ஊதாவா, கபிலமா,
ஊதாவைச் சுற்றி ஒரு மஞ்சள் விளிம்பா,
அதைப் பார்த்துத்தான் மருந்து.
ஆகவே சிலைட் பிலிம்.
ஆகவே உரும்பிராய்த் தோட்டத்துக்குள் குந்தியிருந்து
பனி காய முதல்
முப்பத்தாறு தரம் மூச்சைப் பிடித்தேன்.

கஸ்தூரியார் வீதியில் யோகச்சந்திரன்
புது மெசினின் பொலித்தீனைக்கூட
இன்னும் முழுக்கக் கழற்றவில்லை.
"உது எங்களிட்டைச் சரிவராது மிஸ்.
சாதாரண மருந்துக்குள்ளை விட்டால்
பச்சை எல்லாம் ஊதாவா வரும்."
ஊதாவாக வந்தால்
உரும்பிராய் முழுவதும் நோய் என்று
நான் அறிக்கை எழுதவேண்டி வரும்.
"டிஜிற்றல் ஒண்டு எடுங்கோவன்" என்றார்.
கந்தோருக்கு ஒன்று வந்துதான் இருந்தது.
அது பணிப்பாளரின் லாச்சிக்குள்,
லாச்சியின் திறப்பு அவருடைய சேட் பைக்குள்.

கொழும்பு வானில் போன செல்வமலரிடம் கொடுத்தேன்.
டப்பாவில் துண்டு ஒட்டி,
மூன்று மொழியிலும் எழுதி, முத்திரை குத்தி:
உள்ளே வெங்காயம்.
முகமாலையில்
டிஜிற்றல் என்றால் பொத்தானை அமத்திப் பார்ப்பார்கள்,
பிடிக்காததை அங்கேயே அழிக்கச் சொல்லலாம்.
பிலிமை அப்படிப் பார்க்க ஏலாது.
இழுத்துப் பார்த்தால், பார்க்க ஒன்றும் மிஞ்சாது.
முதல் தடையில் ஆமிக்காரன்
காதடியில் வைத்துக் குலுக்கினானாம்.
அடுத்த தடையில் பெடியன்
துண்டை வாசித்துவிட்டுச் சிரித்தானாம்.
"வெங்காயம்தானே, கொண்டு போங்கோ."

பம்பலப்பிட்டியில்
ஆறு ரோல் சேர்ந்தால்தான் மருந்து கரைப்பார்களாம்.
என்னுடையது நாலாவது.
முகம் தெரியாத இரண்டு பேர்
கெதியாய்ப் படம் எடுத்து முடிக்க வேண்டுமென்று
நல்லூரில் நேர்ந்துகொள்ளாத குறை.
ஆறாமவர் முப்பத்திரண்டில் நின்று
மிச்சம் நாலுக்கும்
ஒரு நல்ல வெயிலைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

யூலைக் கடைசியில் பெட்டி வந்தது.
மேலாக இருந்த நாலைந்தை யன்னலில் பிடித்துப் பார்த்தேன்.
ஊதா ஊதாவாகவே,
மஞ்சள் விளிம்பு நகக்கீறல் அளவுக்கு.
மிச்சத்தை எண்ணினேன், முப்பத்தாறு.
எண்ணிக்கை சரியென்றால் எல்லாம் சரி
என்று நினைத்தது என் பிழை.

கோப்பாயில் வகுப்பு.
யன்னலுக்கெல்லாம் சாக்கு.
டக். நுனி கருகல்.
டக். இலைத் திருகல்.
டக்.

ரயில்.

சுவர் நிறைய ஒரு ரயில்.
துருச்சிவப்புப் பெட்டி. மேடையில் ஒரு பெண்
குனிந்து செருப்பு வாரைப் பூட்டுகிறாள்.
வாசலில் நிற்பவன் அவளுடைய பைக்காகக்
கையை நீட்டியபடி.

பின்வரிசையில் இருந்து கதிரமலை:
"இது என்ன வருத்தம், மிஸ்?"

சாக்கு அசையச் சிரித்தார்கள்.
பத்தொன்பது வயது நிருபன் மட்டும் சிரிக்கவில்லை.
தண்டவாளத்தை
பங்கர்க் கூரையில்தான் கண்டவன் அவன்.
"இவ்வளவு உயரமே?" என்றான்.
"மாத்தாதேங்கோ, கொஞ்சம் விடுங்கோ."
விட்டேன்.
விளக்கின் சூட்டில் சிலைட் மெல்ல வளைந்து
ரயில் கலங்கியது,
பிறகு தானாகத் தெளிந்தது.

என்னுடைய இருபத்திமூன்றாவது,
நோயில்லாத ஒரே தாள்,
ஒப்பிட்டுக் காட்ட எடுத்தது,
தெற்கில் யாருடைய சுவரிலோ
ஆளுயரத்துக்கு நின்றிருக்கும்.
வந்த விருந்தாளிகள் என்ன கேட்டிருப்பார்கள்?
அதற்கு நெகற்றிவ் இல்லை.
அந்தக் காலையின் வெளிச்சம் பட்ட துண்டேதான்
அங்கே போய்விட்டது.

ரயிலை உறையில் போட்டு,
மாற்றித் தரும்படி கடிதமும் எழுதிவைத்தேன்.
செல்வமலர் அடுத்த கிழமை போவதாக இருந்தாள்.
ஓகஸ்டில் பாதை பூட்டுப்பட்டது.

பணிப்பாளர் டிஜிற்றலை வெளியில் எடுத்தபோது
பற்றரி ஏற்றக் கரண்ட் இல்லை.
ஊரடங்கு தளர்ந்த ஒரு மத்தியானம்
உறையைப் பிரித்து
யன்னலில் பிடித்துப் பார்த்தேன்.

அவள் இன்னும்
செருப்பைப் பூட்டி முடிக்கவில்லை.