நதிமூலம்

முட்டையில் தொடங்கியது.
ரெஜினாக்கா வீட்டுப் பெட்டைக்கோழி,
ஒரு கண் சற்றே மங்கல்.
ஆறு முட்டை கேட்டேன். காசு வேண்டாம் என்றாள்.
ரசீதில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டேன்.

மஞ்சள் கருவைப் பிரித்து, உலர்த்தி,
ஐஸ் பெட்டியில் வைத்து ரயிலேற்றினோம்.
நாற்பது நாள் கழித்துப் பதினேழு எண்கள் வந்தன,
ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி.
யார் தடியன், யார் நோஞ்சான்,
அந்த வரிசைதான் ரேகை.
குப்பைத் தீக்கு ஒரு ரேகை,
ஆஸ்பத்திரி உலைக்கு ஒன்று.
எங்களுடையது
பாதி வயர் எரித்ததுபோல,
பாதி வேறெதுவோபோல.

"நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாதும்மா"
என்றார் பொறியாளர் தணிகாசலம், ஃபைலை மூடியபடி.
நான் மூல நட்சத்திரம்.
பெண் மூலம் நிர்மூலம் என்று
மூன்று வீட்டார், காபியைக் குடித்துவிட்டுத்தான்,
எழுந்து போயிருக்கிறார்கள்.
மூலம் பார்க்காமல்
எனக்கு வேறென்ன வேலை?

ஒரு வியாழக்கிழமை முழுக்க
கோழிக்குப் பின்னால் நடந்தேன்.
முருங்கையடி. சாக்கடை ஓரம். பிறகு
பாத்திரம் துலக்கக் குவித்திருந்த சாம்பல்;
அதில் இறக்கை விரித்துப் புரண்டது, சுகமாக.
சாம்பல் ஏது?
தட்டுவண்டிப் பையன் கொடுத்தான்.
அவனுக்கு ஏது?
அர்த்தனாரி.

அர்த்தனாரி இருட்டிய பிறகுதான் எரிப்பார்,
திருமணிமுத்தாற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து.
பழைய டயர், மேலே வயர்ச் சுருள்,
ஒரு டம்ளர் மண்ணெண்ணெய்.
சுடரின் ஓரம் பச்சையாக எழும்பும்.
"செம்பு கண்ணைத் தொறக்குது பாருங்க."

இதை யாரும் செய்வதில்லை.
எந்த ஆலையின் விலைப்பட்டியலிலும் டையாக்சின் கிடையாது.
வயரின் தோலில் குளோரின்,
அரைவேக்காட்டுத் தீ,
ஆறிக்கொண்டே போகும் புகை.
நடுவில் செம்பு, தரகர்,
தான் எதிலும் ஒட்டாமல்
இரு வீட்டையும் சேர்த்துவைத்துவிட்டு நகர்ந்துவிடும்.
ஜாதகம் யாரும் கேட்பதில்லை.
பிறப்பதன் எடையோ
ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு, இரண்டு பங்கு.
கொழுப்பில் குடியேறினால்
காலி செய்ய வருஷக்கணக்காகும்.

"உரிச்சா நாளைக்கு நாலு கிலோ,
எரிச்சா நாப்பது.
நீங்க எதைச் செய்வீங்க?"
நான் மண்ணை அள்ளி அலுமினியத் தாளில் மடித்தேன்.

வயர் ஏது?
செவ்வாய்பேட்டை எடைக்கடையில்
நீல நோட்டைப் புரட்டிக் காட்டினார்கள்.
கல்யாண மண்டபத்துச் சீரியல் பல்பு.
எரிந்துபோன கிணற்று மோட்டார்.
ஏற்காட்டு ஓட்டல், பழைய வயரிங், ஒரு லோடு.
ஆடி பதினேழு: அரசு அலுவலக ஏலம், அறுபத்திரண்டு கிலோ.
அலுவலகம் எங்களுடையது.
ஏலத்தாளில் சாட்சி என்ற இடத்தில்
சாய்வாக, அவசரமாக,
என் கையெழுத்து.

ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான மண் வேண்டும்.
சேர்வராயன் மலைக்குப் போனேன்,
வீடில்லாத, ரோடில்லாத சரிவு,
சில்வர் ஓக் மரத்தடி, பனி சொட்டிக்கொண்டிருந்தது.
அந்த மண்ணும் ரயிலேறியது.
பூஜ்யம் வரும் என்று நம்பியிருந்தேன்.
வரவில்லை.
சின்ன எண்தான். ஆனால் எண்.

படிவத்தில் 'மூலம்' என்ற கட்டம்
ஒரு அங்குல அகலம்.
அர்த்தனாரி என்று எழுதினால்
சரியாக அடங்கிவிடும்.
அதனால்தான் எழுதவில்லை.
தணிகாசலம் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

ரெஜினாக்காவிடம் மட்டும் நேரில் போய்ச் சொன்னேன்,
முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதே,
சாம்பலை மாற்று.
கேட்டுக்கொண்டாள். கோழியைப் பார்த்தாள்.
அது அடைகாக்கும் கோபத்தில்
கழுத்து மயிர் சிலிர்த்து
கூடைக்குள் உட்கார்ந்திருந்தது.

"திங்க வேண்டாங்கற, சரி.
பொரிக்கலாமா?"